வட்டார மாடு வளர்ப்போர் சங்கம்: ஓராண்டுக்கான நடவடிக்கைகளை எப்படி அமைப்பது?

பிறையோரம் (செபராங் பிறை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையின் தென்பகுதியில், சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் தெபால் வட்டாரத்தில் மாடு வளர்ப்போர் சேர்ந்து நடத்தும் சிறு சங்கமொன்றின் செயலாளர் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சங்கம் முறையாகப் பதிவு பெற்றது. கணக்கு வழக்கிலும் குறை இல்லை. ஆனால் ஆண்டு முழுவதிலும் நாங்கள் செய்கின்ற காரியங்கள் இரண்டே இரண்டுதாம். தை மாதத்தில் கோயில் திடலில் மாட்டுப் பொங்கல் வைத்து, கொம்புகளுக்கு வண்ணம் பூசி, மாலையிட்டு, படம் எடுத்துக்கொண்டு கலைகிறோம். பிறகு ஆண்டுப் பொதுக்கூட்டம் நடைபெறுகிறது. மற்ற மாதங்களில் சங்கம் இருப்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. யாருடைய மாடாவது நோயில் விழுந்தால் மட்டும் தொலைபேசியில் அழைப்பு வருகிறது.

எங்கள் உறுப்பினர்களின் மாடுகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. தோட்டக் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த நாட்டு மாடுகள் சிலரிடம் இருக்கின்றன. வடநாட்டுச் சாஹிவாலும் ஐரோப்பிய ஃபிரீசியனும் கலந்த கறவை மாடுகள் பெரும்பாலோரிடம் இருக்கின்றன. ஹஜ்ஜுப் பெருநாள் விற்பனையை எண்ணி, இறைச்சி வகைகளான பிராமன் கலப்புக் காளைகளையும் கெடா-கிளந்தான் மாடுகளையும் வளர்ப்போரும் உண்டு. ஆகவே ஓர் இனத்தை மட்டும் பேணுகின்ற வெளிநாட்டுக் கழகங்களைப் போன்றது எங்கள் சங்கம் என்று சொல்ல இயலாது.

அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை வரையும்போது கருத்து இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இளைஞர்கள், தமிழ்நாட்டில் நடக்கும் மாட்டுச் சந்தைகளின் காணொளிகளைப் பார்த்தும், தைப்பூசத்தில் ஜோர்ஜ் டவுனில் நகரத்தாரின் வெள்ளி ரதத்தை இழுத்துச் செல்லும் காளைகளைப் பார்த்தும் ஆர்வங்கொண்டு, வட்டாரத்து மாடுகள் அனைத்தையும் ஒரே திடலில் சேர்த்துப் பரிசளிக்கும் கண்காட்சி வேண்டும் என்கிறார்கள். பெரியவர்களோ, அந்தப் பணத்தில் சங்கத்திற்கென்று நல்ல பொலிகாளை ஒன்றை வாங்கி, முறை வைத்து எல்லாருடைய கொட்டகைக்கும் அனுப்பலாம் என்கிறார்கள். இரண்டையும் செய்யுமளவுக்குக் கையிருப்பு இல்லை. எதை முதலில் செய்வது, எந்த மாதத்தில் எதை வைப்பது, இரண்டுமே வேண்டாமெனில் வேறு என்ன செய்யலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

கோம்பாக் கொட்டகை (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம் தம்பி. கண்காட்சியா காளையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முன்னதாக ஒரு பதிவேடு வேண்டும் என்பதே என் கருத்து. அது இல்லாமல் கண்காட்சி வைத்தால் தோற்றத்திற்குப் பரிசு கொடுப்பீர்கள். அது இல்லாமல் காளை வாங்கினால், வாங்கிய காளை நல்லதா கெட்டதா என்பதை ஐந்தாண்டு கழித்தும் உங்களால் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்காக ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் வெளியிட்ட மந்தைப் பதிவேட்டின் முதல் தொகுதி 1822-இல் வந்தது. இன்று நாம் அறிந்திருக்கும் இனக் கழகங்களில் பெரும்பாலானவை அதன் பின்னரே தோன்றியவை. எந்தக் கன்று எந்தப் பசுவுக்கு எந்தக் காளையால் பிறந்தது என்பதை எழுதி வைத்து, அந்த எழுத்துக்குப் பலர் சேர்ந்து பொறுப்பேற்பதற்காகத்தான் அவர்கள் கழகம் கூட்டினார்கள். விருந்தும் கோப்பையும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் வளர்த்த மாடுகளில் காங்கேயம் போன்ற தென்னாட்டு உழவு மாடுகளின் இரத்தமும் வடநாட்டுக் கறவை இனங்களின் இரத்தமும் கலந்திருந்தன. அவற்றைக் கால்நடைச் சேவைத் துறையினர் உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்ற பொருளில் எல்.ஐ.டி. என்று குறித்தார்கள். குறைவாகவே பால் கறந்தாலும், வெயிலையும் உண்ணியையும் தாங்கி, லயத்தின் பின்புறத்துப் புல்லைத் தின்று ஆண்டுதோறும் கன்று போட்ட மாடுகள் அவை. பிற்காலத்தில் ஃபிரீசியன்-சாஹிவால் கலப்பு வந்தது. குளுவாங்கில் உள்ள கால்நடைக் கழகத்தில் மஃப்ரிவால் என்ற கறவை வகை உருவாக்கப்பட்டது. இவையனைத்தும் நம் கொட்டகைகளுக்குள் வந்து ஒன்றோடொன்று கலந்தன. ஆனால் எந்த மாட்டில் எந்த இரத்தம் எத்தனை பங்கு என்று கேட்டால், கொட்டகைக்காரரின் நினைவைத் தவிர வேறு சான்று இல்லை. அந்தப் பெரியவர் காலமானால் அந்த நினைவும் போய்விடுகிறது.

இதனால் வரும் நட்டம் வெறும் பெருமை சார்ந்ததன்று. ஃபிரீசியன் பங்கு பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், நம் ஊர் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் மாடு மூச்சிரைத்து நிற்கும். தீனி எடுக்காது, சினை பிடிக்காது. பால் அதிகம் வேண்டுமென்று தலைமுறைக்குத் தலைமுறை ஃபிரீசியன் சினை ஊசியே போட்டுக்கொண்டு போகிறவருக்கு, தாம் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது பதிவேடு இருந்தால்தான் தெரியும்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை அதிகமில்லை. காதுப் பட்டை எண், பிறந்த நாள், தாய், தந்தைக் காளை அல்லது சினை ஊசிக்குரிய உறைவிந்துக் குச்சியின் எண், சினைப்பருவம் கண்ட நாள், சேர்த்த நாள், ஈன்ற நாள் ஆகியவை போதும். கறவை மாடாயின், மாதத்தில் ஒரு நாள் மட்டும் காலைப் பாலையும் மாலைப் பாலையும் நிறுத்து எழுதினால், அதைக்கொண்டு 305 நாள் கறவைக் காலத்திற்குரிய பாலை ஓரளவு துல்லியமாகக் கணக்கிட்டுவிடலாம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆகவே ஆண்டுக்கொரு கன்று வேண்டுமெனில், ஈன்ற 85 நாளுக்குள் அது மீண்டும் சினையாகியிருக்க வேண்டும். நம்மில் பலர் பால் லிட்டரைப் பற்றிப் பேசுகிறோமே தவிர, இந்த ஈற்று இடைவெளியைக் கணக்குப் பார்ப்பதில்லை. கொட்டகையின் இலாபம் கரைந்து போகும் ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே உங்கள் ஆண்டுத் திட்டத்தின் முதுகெலும்பாக நான் வைப்பது, இரு மாதத்திற்கு ஒரு முறை ஓர் உறுப்பினரின் கொட்டகையில் கூடுவது. கோயில் மண்டபத்தில் வேண்டாம். மாடு நிற்கும் இடத்திலேயே கூடுங்கள். வந்தவர்கள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்து, வீட்டுக்காரரின் பதிவேட்டைக் கையிலெடுத்துப் படித்து, கேள்வி கேட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும். மற்றவர் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தாலே பாதிப்பேர் எழுதத் தொடங்கிவிடுவார்கள். செம்பனைப் புண்ணாக்கை எவ்வளவு வைக்கிறார், நேப்பியர் புல்லை எந்த வயதில் அறுக்கிறார், சோயாத் தவ்வுக் கசடு எங்கே கிடைக்கிறது என்பனவெல்லாம் அப்போது தாமாகப் பேச்சில் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் வட்டாரங்களில் மாடுகளின் தரம் மேலேறாமல் இருப்பதற்கு ஹஜ்ஜுப் பெருநாள் சந்தையும் ஒரு காரணம். பெருநாளைக் குறை சொல்லவில்லை. அது நமக்கு நல்ல விலை தருகிற காலம். ஆனால் குர்பானிக்கு இரண்டு வயது நிரம்பிய, குறையற்ற, திடகாத்திரமான காளையைத்தான் வாங்குகிறார்கள். ஆகவே ஆண்டுதோறும் நம்மிடம் பிறந்தவற்றில் மிகச் சிறந்த காளைகள் வெட்டுக்குப் போகின்றன. விலை போகாத சோப்ளாங்கிக் காளை கொட்டகையில் தங்கி அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகிறது. இதைவிடத் தலைகீழான தேர்வு வேறில்லை. பெருநாளோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்கிறது. 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7. அதற்கு மூன்று மாதம் முன்னதாகவே சங்கத்தார் கொட்டகை கொட்டகையாகச் சென்று, பதிவேட்டைப் பார்த்து, இந்தக் காளையை விற்க வேண்டாம் என்று ஓரிரண்டை அடையாளம் காட்டி, சந்தை விலைக்கும் உரிமையாளர் எதிர்பார்ப்புக்கும் உள்ள இடைவெளியைச் சங்கப் பணத்தில் ஈடுகட்டலாம். வெளியிலிருந்து காளை வாங்குவதைவிட இது மலிவு.

செர்டாங் வாசகர் எழுதியது:

வணக்கம். கால்நடைத் துறையில் பல ஆண்டுகள் களப்பணி செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பொதுக் காளை பற்றியும் கண்காட்சி பற்றியும் நோய் நோக்கில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முந்தைய பதிலில் ஐயா எழுதியவற்றோடு எனக்கு முரண்பாடில்லை.

ஒரே காளையைக் கொட்டகை கொட்டகையாக அனுப்புவது பார்வைக்குச் சிக்கனமாகத் தெரியும். ஆனால் இனச்சேர்க்கை வழியாகப் பரவும் டிரைக்கோமோனாஸ், கேம்பைலோபேக்டர் ஆகிய கிருமிகள் காளையின் குறியுறையில் வெளியே தெரியாமல் தங்கிவிடும். பசு சில சினைப்பருவச் சுற்றுகளுக்குப் பின் பெரும்பாலும் தானே தேறிவிடும். காளையோ, குறிப்பாக வயது கூடிய காளை, நோய்க்குறி ஏதுமின்றி நெடுங்காலம் அதைச் சுமந்து திரியும். விளைவு என்னவென்றால், வட்டாரத்திலுள்ள பசுக்களெல்லாம் திரும்பத் திரும்பப் பருவத்திற்கு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொருவரும் தீனியையோ வெயிலையோ குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதனோடு கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லாவையும் சேர்த்து எண்ண வேண்டும். நம் நாட்டில் அந்நோய்க்குச் சோதித்து, கண்டறியப்பட்ட மாட்டை நீக்குவதே நடைமுறை. அது மனிதருக்கும் தொற்றும் என்பதால், காய்ச்சாத பாலை வாடிக்கையாளருக்குக் கொடுப்பவர் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும்.

நெருங்கிய உறவில் சேர்க்கை என்பது அடுத்த சிக்கல். காளை வந்து முதற்பசுவைச் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால், ஒன்பது மாதத்தில் கிடாரிக் கன்று பிறக்கிறது. நன்கு வளர்ந்த கலப்பினக் கிடாரி ஒன்றரை வயதை ஒட்டிப் பருவத்திற்கு வருகிறது. ஆக இரண்டு ஆண்டு கடந்தவுடனே தந்தையும் மகளும் ஒரே மேய்ச்சலில் நிற்கும் நிலை உண்டாகிவிடும். அச்சேர்க்கையில் பிறக்கும் கன்றின் உட்கலப்பு அளவு 25 விழுக்காடு. பலவீனமான கன்றும் குறைந்த பாலும் அதன் விளைவுகள். ஆகவே பொதுக் காளை வைத்தே ஆகவேண்டுமெனில், இரண்டாண்டுக்கு மேல் அதை ஒரே வட்டாரத்தில் வைக்கக் கூடாது. வேறொரு மாவட்டத்துச் சங்கத்தோடு மாற்றிக்கொள்ள வேண்டும்.

என் பரிந்துரை, அந்தப் பணத்தில் திரவ நைட்ரசன் குடுவை ஒன்றை வாங்கி, உறைவிந்தைச் சங்கமே பேணுவது. உறைவிந்து சுழியத்திற்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும். நைட்ரசன் ஆவியாகிக் குறையுமுன் நிரப்பிக்கொண்டே வர வேண்டும் என்பதால், அதற்கொரு பொறுப்பாளர் வேண்டும். உறுப்பினர்களில் இளையவர் இருவரைச் சினை ஊசிப் பயிற்சிக்கு அனுப்பினால் அதுவே ஓராண்டு நடவடிக்கைக்கு ஈடாகும். ஊசி தோற்பதற்கு விந்தின் தரம் காரணமாக இருப்பது அரிது. பருவத்தைக் கவனிக்காததே பெரும்பாலும் காரணம். சுற்று 21 நாள். பருவம் நீடிப்பது அரை நாளுக்குச் சற்று மேல். திமிலுள்ள மாடுகளில் அது இன்னும் குறுகியதாகவும், பெரும்பாலும் இரவிலும் வந்து போகும். காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும் என்ற பழைய விதி இன்றும் செல்லும்.

கண்காட்சியைப் பொறுத்தவரை, தீபகற்பத்தில் கோமாரி நோய் அற்றுப்போகவில்லை என்பதை மறக்கலாகாது. நோய் உடலில் புகுந்து வெளித்தெரிய 2 முதல் 14 நாள் ஆகும்; கண்காட்சியன்று நலமாகத் தோன்றிய மாடு மறு வாரம் வாயில் நுரை தள்ளி நிற்கலாம். 2021-இல் தோல் கழலை நோய் நம் நாட்டிற்குள் வந்தபோது, கடிக்கும் ஈக்களும் கொசுக்களும் அதை எவ்வளவு விரைவாகப் பரப்பின என்பதைக் கொட்டகை வைத்திருப்போர் அனைவரும் பார்த்தார்கள். பல கொட்டகை மாடுகளை ஒரே திடலில் ஒரு பகல் முழுவதும் நிறுத்துவது அவ்விரண்டுக்கும் விருந்து வைப்பதாகும். மாட்டுப் பொங்கலுக்குங்கூட ஒரு கொட்டகை மாட்டை மட்டும் கோயிலுக்கு அழைத்து வந்து, மற்றவர்கள் தத்தம் கொட்டகையிலேயே பொங்கல் வைப்பது நல்லது.

மாதங்களை வகுக்கும்போது மழையைப் பாருங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் கனமழைக் காலம். குளம்பு அழுகலும் மடிநோயும் அப்போதுதான் மிகும். தொண்டை அடைப்பான் தடுப்பூசியை மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்திற்கொரு முறை, வட்டாரத்து மாடுகள் அனைத்திற்கும் ஒரே வாரத்தில் போடுமாறு சங்கம் ஏற்பாடு செய்தால், துறையினருக்கும் வேலை எளிது.

பிறையோரம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பொதுக் காளை பற்றிய பகுதியை எங்கள் தலைவரிடம் படித்துக் காட்டினேன், அவர் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு சங்கடம் எஞ்சி நிற்கிறது. பதிவேடு, தடுப்பூசி, சினை ஊசி என்று மட்டும் திட்டம் வகுத்தால், இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் கூட்டத்திற்கே வரமாட்டார்கள். அவர்களில் பலர் பகலில் பிறை, பத்து காவான் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு, மாலையில்தான் தகப்பனாரின் கொட்டகைக்குப் போகிறவர்கள். போட்டி, பரிசு என்ற ஈர்ப்பு இல்லாமல் அவர்களைத் தக்கவைப்பது எப்படி? மாடுகளை ஓரிடத்தில் சேர்க்காமல் போட்டி நடத்த வழியுண்டா?

பிரிக்பீல்ட்ஸ் மாடியறை (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம். என்னிடம் இப்போது மாடில்லை; அப்பா காலத்தோடு போய்விட்டது. ஆனாலும் இந்தக் கழகங்களின் நடைமுறைகளை ஆர்வத்தால் கவனித்து வருகிறவன் என்பதால் எழுதுகிறேன். பரிசு என்றால் திடல் வேண்டும் என்று எண்ணுவதுதான் இங்கே தடையாக நிற்கிறது. நடுவர் மாட்டைத் தேடிப் போகும் போட்டிகளும் உண்டு.

பிரிட்டனில் ஹோல்ஸ்டீன் என்ற கறவை இன மாடு வளர்ப்போரின் மண்டலக் கழகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஆண்டில் ராயல் வெல்ஷ், கிரேட் யார்க்‌ஷயர் போன்ற பெரிய கண்காட்சிகள் ஜூலை மாதத்தில் வருகின்றன; அக்டோபரில் இளையோருக்கான கன்றுக் கண்காட்சி ஒன்று மால்வெர்னில் நடைபெறுகிறது. ஆனால் மண்டலக் கழகம் தன் சொந்தப் பொறுப்பில் நடத்தும் முக்கியமான ஒன்று மந்தைப் போட்டி. வெளியூரிலிருந்து ஒரு நடுவரை அழைத்து, ஓரிரு நாளில் பண்ணை பண்ணையாக அழைத்துச் செல்கிறார்கள். மந்தை முழுவதையும் அதன் வழக்கமான இடத்திலேயே பார்த்து, சிறந்த மந்தை, சிறந்த கிடாரி, ஒரே பசுவின் வழிவந்த சிறந்த குடும்பம், ஒரே காளையின் சிறந்த மகள்கள் என்று அவர் தெரிவு செய்கிறார். முடிவுகள் கழகத்தின் ஆண்டு விருந்தில் அறிவிக்கப்படுகின்றன. மாடு ஓரடியும் நகர்வதில்லை. லோரி வாடகையும் இல்லை. மாநிலம் கடக்கும் அனுமதிக் கடிதமும் தேவையில்லை. கண்காட்சிக்கென்று ஒரு மாட்டை மட்டும் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, மற்றவற்றை மறைத்து வைக்கும் வித்தையும் இங்கே எடுபடாது.

இளையோருக்கு அவர்கள் வைத்திருக்கும் பயிற்சி இன்னும் பயனுள்ளது. ஒரு பண்ணையின் நான்கு மாடுகளை வரிசையாக நிறுத்தி, போட்டியாளர்கள் அவற்றை முதல், இரண்டு, மூன்று, நான்கு என்று தரவரிசைப்படுத்த வேண்டும். அதோடு முடியாது, ஏன் அவ்வாறு வரிசைப்படுத்தினார் என்று நடுவர் முன் நின்று காரணம் சொல்ல வேண்டும். மடியின் பிடிப்பு, காலின் நிலை, முதுகின் நேர்மை, மார்பின் அகலம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பேசும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஒருவருக்கு மாடு பார்க்கத் தெரியுமா என்பது வெளிப்படும். கூட்டம் நடக்கும் கொட்டகையில் உள்ள நான்கு பசுக்களே இதற்குப் போதும். மாடு போட்டியிடவில்லை, பிள்ளைகள்தாம் போட்டியிடுகிறார்கள் என்பதால், சொந்தமாக நல்ல மாடில்லாத வீட்டுப் பையனும் கோப்பை வாங்கலாம்.

தமிழ்நாட்டுச் சந்தைகளின் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளகோவில் பக்கத்துக் கண்ணபுரம் சந்தையும், ஞாயிறுதோறும் கூடும் பழையகோட்டைச் சந்தையும் விற்பதற்கும் வாங்குவதற்குமான இடங்கள். காங்கேயம் மாட்டை அந்த வட்டாரம் காப்பாற்றி வந்ததற்குச் சந்தையைவிடப் பெரிய காரணம், கிளுவை வேலியிட்டு, வெள்வேல மரங்களின் கீழே கொழுக்கட்டைப் புல் வளர்த்த கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களும், தலைமுறையாகத் தெரிவு செய்து வளர்த்த குடும்பங்களும்தான். அங்கே சுழி பார்த்து விலை பேசுகிறவர்களும் உண்டு. அதை நம் பிள்ளைகள் காணொளியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து நடுவர் தாளில் எழுதாமல் இருந்தால் சரி.

கோம்பாக் கொட்டகை எழுதியது:

மாடியறைத் தம்பி சொன்ன மந்தைப் போட்டி நம் நிலைமைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆயினும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கண்ணால் பார்த்து மட்டும் மதிப்பெண் கொடுத்தால், கொழுத்த மாட்டுக்கும் அகன்ற கொட்டகைக்கும் பரிசு போய்விடும். வசதியுள்ளவரே ஆண்டுதோறும் வெல்வார். மூன்று மாட்டை வைத்துக்கொண்டு ஒழுங்காக வளர்ப்பவர் இரண்டாம் ஆண்டில் பெயர் கொடுக்கமாட்டார். ஆகவே மதிப்பெண்ணில் பாதியைப் பதிவேட்டுக்கு ஒதுக்குங்கள். ஈற்று இடைவெளி, கன்று இறப்பு, மாதப் பால் பதிவு, தடுப்பூசித் தேதிகள் ஆகியவை எழுதப்பட்டிருந்தால் மதிப்பெண்; எழுதாதவருக்கு மாடு எவ்வளவு அழகாயிருந்தாலும் பாதிக்கு மேல் கிடைக்காது. அதேபோல் கறவை மாட்டையும் இறைச்சி மாட்டையும் ஒரே தட்டில் வைக்காமல் இரண்டு பிரிவாக்குங்கள். கெடா-கிளந்தான் பசு சிறிய உடம்போடு இருப்பது குறையன்று. குறைந்த தீனியில் தவறாமல் கன்று போடுவதுதான் அதன் சிறப்பு. பிராமன் கலப்பின் உயரத்தோடு அதை ஒப்பிட்டால் நடுவரின் மேல்தான் தவறு.

மாதங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிப்ரவரியில் வறட்சியாக இருக்கும். கொட்டகை தரை காய்ந்திருக்கும். மந்தைப் போட்டியை அப்போது வைக்கலாம். ஆனால் பரிசை அடுத்த மாட்டுப் பொங்கல் வரை தள்ளிப்போட்டால் சூடு ஆறிவிடும் என்று தோன்றுகிறது. டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் போட்டியை முடித்து, தை மாதத்தில் பரிசு கொடுப்பது இன்னும் நல்லது. மழை சற்றுக் குறைந்திருக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தை மாட்டுப் பொங்கல் நாளோடு சேர்க்க வேண்டாம். அன்றைக்கு எவரும் கணக்கைக் கேட்பதில்லை. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துத் தேதி குறியுங்கள். தற்காலிக உரிமம் பெற்ற அரசு நிலத்தில் கொட்டகை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இருந்தால், அவ்வுரிமம் ஒவ்வோர் ஆண்டின் இறுதியோடு காலாவதியாவதால், நவம்பர்க் கூட்டத்தில் அதை நினைவூட்டுவதும் செயலாளரின் வேலையே. நிலம் போனபின் மாட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பிறையோரம் எழுதியது:

நன்றி ஐயா. நான்கு மாடுகளை வரிசைப்படுத்தும் போட்டியைப் பற்றி நேற்று இளைஞர்களின் புலனக் குழுவில் எழுதினேன். நடுவராக யாரை அழைப்பது என்ற சண்டை அதற்குள் தொடங்கிவிட்டது. ஆகவே ஆர்வம் இருக்கிறது என்று கொள்கிறேன். இரு மாதக் கூட்டம், டிசம்பரில் மந்தைப் போட்டி, பெருநாளுக்கு முன் காளைத் தெரிவு ஆகிய மூன்றையும் செயற்குழுவின் முன் வைக்கிறேன். நைட்ரசன் குடுவையை இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவைக்க எண்ணுகிறேன். கடைசியாக ஒரு கேள்வி: மாடுகள் நகராவிட்டாலும், மனிதர்கள் கொட்டகை விட்டுக் கொட்டகை போகிறோமே, அதனால் நோய் பரவாதா?

செர்டாங் வாசகர் எழுதியது:

பரவும், நல்ல கேள்வி. கோமாரிக் கிருமி காலணியின் சேற்றிலும் சாணத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போகக்கூடியது. ஆகவே வருகிறவர் அனைவரும் ரப்பர்க் காலணியோடு வரட்டும். வாசலில் முதலில் தூரிகையால் சேற்றைத் தேய்த்துக் கழுவிய பின்னரே மருந்துத் தொட்டியில் இறங்க வேண்டும். சாணம் ஒட்டியிருந்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது. சலவைச் சோடாவின் 4 விழுக்காட்டுக் கரைசல் கோமாரிக் கிருமிக்குப் போதுமானது; ஒரு வாளி நீருக்கு எவ்வளவு என்று அளந்து பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டால், கொட்டகைக்காரர் கண்ணளவில் போடமாட்டார். புறப்படும்போதும் அதேபோல் கழுவிவிட்டுப் போக வேண்டும். எந்த உறுப்பினரின் கொட்டகையிலாவது வாயில் புண்ணோ நொண்டலோ தோலில் கழலையோ தென்பட்டால், அவ்வீட்டார் அம்முறை வராமலிருக்க வேண்டும் என்பதையும், துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பதையும் சங்க விதியிலேயே எழுதிவிடுங்கள். நடுவர் பண்ணை பண்ணையாகப் போகும் நாளில், கன்றுகள் அதிகமுள்ள கொட்டகைக்கு முதலிலும், சந்தையிலிருந்து புதிதாக மாடு வாங்கி வந்தவரின் கொட்டகைக்குக் கடைசியிலும் அழைத்துச் செல்லுங்கள்.